லினக்ஸ் கணினியிலிருந்து ஊருக்கு ஒரு குரல்



வெளிமாநிலத்தில் வாழும் தமிழர் வீடுகளில் ஊரிலிருந்து வரும் குரலுக்கு எப்போதும் ஒரு தனி மதிப்பு உண்டு. தந்தி என்றால் நெஞ்சு படபடக்கும். தொலைபேசி மணி என்றால் வீடே ஓடிவரும். ட்ரங்க் கால் பதிவு செய்துவிட்டு அரை நாள் காத்திருந்த தலைமுறையினர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். நடுவில் ஊழியர் எவரும் இணைத்துக் கொடுக்காமல், வெளியூர் எண்ணைச் சந்தாதாரரே சுழற்றிப் பேசும் எஸ்.டி.டி. முறை 1960ஆம் ஆண்டு நவம்பரில் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே நம் நாட்டில் முதன்முதலாக வந்தது. அந்தப் பெயரைத் தாங்கிய கடைகள் பின்னர்த் தெருவுக்குத் தெரு முளைத்தன. இரவு வெகுநேரத்துக்குப் பின் கட்டணம் கால்பங்காகக் குறையும் என்பதால், மும்பையிலும் தில்லியிலும் அக்கடைகளின் வாசலில் நள்ளிரவு நெருங்கும் வேளையில் ஒரு சிறு தமிழ்க் கூட்டம் நிற்கும். சுவரிலே சிவப்பு எண்கள் ஓடும். அவ்வெண்களைப் பார்த்துக்கொண்டே பாசத்தைச் சுருக்கிப் பேசியவர்கள் நாம்.

இணையம் வந்து அந்தச் சிவப்பு எண்களை அணைத்துவிட்டது. கணினியோ கைப்பேசியோ உள்ள வீட்டில் இன்று தூரத்துக்கென்று தனிக் கட்டணம் இல்லை; முகம் பார்த்தும் பேசலாம். ஆயினும் இந்த எளிமை எல்லோருக்கும் ஒரே நாளில் கிட்டிவிடவில்லை. மேசைக் கணினிகளில் பெரும்பாலானவை மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் என்னும் இயங்குதளத்தைக் கொண்டவை. ஆப்பிள் நிறுவனத்தின் கணினிகள் அடுத்த வரிசையில் உள்ளன. இவ்விரண்டிலும் சேராமல், நூற்றுக்குச் சிலவாக மட்டுமே நிற்பது லினக்ஸ். அந்தச் சிறு கூட்டத்தார் இணையத்தின் வழியே பேசுவதற்குப் பட்ட பாட்டைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

லினக்ஸ் நமக்கு அவ்வளவு அந்நியமானதன்று. 1991இல் ஃபின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் அதன் கருவைப் படைத்தார். அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் 1983இல் அறிவித்த குனூ என்னும் திட்டத்தின் கருவிகள் அக்கருவோடு சேர்ந்து ஒரு முழு இயங்குதளம் உருவாயிற்று. அதன் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்குக் கொடுக்கலாம். இந்த உரிமையே அதன் உயிர்நாடி. சென்னையிலுள்ள சி-டாக் அதனை அடிப்படையாகக் கொண்டே பாஸ் என்னும் இந்திய இயங்குதளத்தை ஆக்கி 2007இல் வெளியிட்டது. 2011இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையின்றி வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸும் இடம்பெற்றிருந்தது. கேரளத்து அரசுப் பள்ளிகளிலோ பல ஆண்டுகளாகக் கணினிப் பாடமே லினக்ஸில்தான் நடைபெறுகிறது. ஆகவே மூணாற்றிலோ திருவனந்தபுரத்திலோ வளரும் தமிழ்ப் பிள்ளை முதன்முதலில் தொட்ட கணினி லினக்ஸ் கணினியாகவே இருந்திருக்கக்கூடும். இவர்களை விட்டால், உரிமக் கட்டணம் செலுத்த இயலாதவர்கள், பழைய கணினியைத் தூக்கியெறிய மனமில்லாதவர்கள், தம் பொருள் தம் வசத்திலேயே இருக்க வேண்டுமென்று எண்ணுகிறவர்கள் ஆகியோரே இதனை நாடுவர்.

இணையத்தில் குரல் எவ்வாறு செல்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாம் பேசும் ஒலியைக் கணினி ஒரு விநாடிக்கு 8,000 முறை அளந்து எண்களாக்குகிறது. பழைய தொலைபேசித் தரத்தின்படி ஒவ்வோர் அளவுக்கும் 8 பிட்டு. ஆக விநாடிக்கு 64,000 பிட்டுகள். இவற்றை 20 மில்லி விநாடிக்கு ஒன்றாகச் சிறு பொட்டலங்களாகக் கட்டினால், விநாடிக்கு 50 பொட்டலங்கள் புறப்படும். வழியில் ஒன்றிரண்டு தொலைந்தால் அவற்றைத் திரும்பக் கேட்டு வாங்குவதில்லை. கடிதமாயின் தாமதமாக வந்தாலும் பயனுண்டு. பேச்சின் நடுவே அரை விநாடிக்குப் பின் வந்து சேரும் ஓர் அசையினால் யாருக்கு என்ன பயன்? வாயிலிருந்து செவிக்குச் சேர 150 மில்லி விநாடிக்கு மேற்படாமல் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது தொலைத்தொடர்பு வல்லுநர் வகுத்த அளவு.

இது புதிய கண்டுபிடிப்பும் அன்று. இன்றைய இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் வலையில், 1974ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் மேற்குக் கரைக்கும் கிழக்குக் கரைக்குமாக டேனி கோஹன் என்பாரின் குழு குரலைப் பொட்டலங்களாக அனுப்பிக் காட்டிவிட்டது. அது சாதாரண மக்களின் கைக்கு வந்தது 1995இல். இஸ்ரேலின் வோக்கல்டெக் நிறுவனம் விற்ற இன்டர்நெட் ஃபோன் என்னும் மென்பொருளின் வாயிலாக. அதுவும் விண்டோஸுக்கே உரியதாயிருந்தது.

குரலை அனுப்பத் தெரிந்தால் மட்டும் போதாது. யாரை அழைப்பது, அவர் எங்கே இருக்கிறார், அவருடைய கணினி எந்த முறையில் பேசும் என்பனவெல்லாம் முன்னரே ஒத்துக்கொள்ளப்பட வேண்டும். அதற்கான பொது நெறிமுறைகள் 1996இல் எச்.323 என்றும், 1999இல் சிப் என்றும் வெளியாயின. சிப் நெறிமுறை படிப்பதற்கே இனிமையானது. அழைக்கும் கணினி, வருமாறு அழைக்கும் ஒரு சொல்லை எழுத்து வடிவிலேயே அனுப்புகிறது. மணி அடிக்கிறது என்பதற்கு 180. ஏற்றுக்கொண்டேன் என்பதற்கு 200. வேறு பேச்சில் இருக்கிறார் என்றால் 486. அப்படி ஒருவர் இங்கே இல்லை என்றால் 404. எவரும் இந்நெறிமுறையைப் படித்து, அதற்கேற்ற மென்பொருளை எழுதலாம். பெல்ஜியத்தில் மாணவராயிருந்த டேமியன் சாண்ட்ராஸ் லினக்ஸுக்காக க்னோம்மீட்டிங் என்னும் மென்பொருளை எழுதினார். 2006இல் அது எக்கிகா என்று பெயர் மாறியது. பிரான்சு நாட்டில் சைமன் மோர்லா 2001இல் லின்ஃபோனைத் தொடங்கினார். பெரிய நிறுவனம் எதுவும் கண்ணெடுத்துப் பார்க்காத ஓர் இயங்குதளத்தில், தனி மனிதர் சிலர் அமர்ந்து தாமே தொலைபேசியைச் செய்துகொண்ட காலம் அது.

ஆனால் நடைமுறையில் ஒரு பெருந்தடை இருந்தது. இணைய முகவரிகள் பற்றாக்குறையாகிவிட்டமையால், ஒரு வீட்டிலோ விடுதியிலோ உள்ள பல கணினிகள் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் ஒளிந்து வாழ்கின்றன. அடுக்குமாடிக் குடியிருப்பை எண்ணிக்கொள்ளுங்கள். உள்ளிருந்து எவரும் வெளியே போகலாம். வெளியிலிருந்து வருகிறவரிடம் காவலர், எந்த வீட்டுக்கு என்று கேட்பார். வந்தவருக்கோ வீட்டு எண் தெரியாது. இதனால் மணி அடிக்கும், எடுத்துப் பேசுவர், ஆனால் ஒரு பக்கத்துக் குரல் மட்டும் காவலரோடு நின்றுவிடும். காவலரைக் கடந்து செல்லும் பொது முறைகள் ஒவ்வொன்றாக வகுக்கப்பட்டு முழுமை பெற 2010 வரை ஆயிற்று.

அத்தனை ஆண்டுகள் பொறுத்திராமல் இத்தடையைத் தாண்டி வந்தது ஸ்கைப். ஸ்வீடன் நாட்டு நிக்லஸ் சென்ஸ்ட்ரோமும் டென்மார்க் நாட்டு யானுஸ் ஃப்ரீஸும் நிறுவ, எஸ்டோனிய வல்லுநர்கள் எழுதிய அம்மென்பொருள் 2003 ஆகஸ்டில் வெளியாயிற்று. தடையில்லாத கணினியை உடைய பயனாளிகளையே, அவர்கள் அறியாமலே, பிறருக்கு இடைநிலையங்களாக ஆக்கிக்கொண்டதுதான் அதன் சூட்சுமம். நிறுவினால் போதும், பேசலாம். அடுத்த ஆண்டே, 2004 ஜூனில், லினக்ஸுக்கும் ஒரு பதிப்பு வந்தது. அதனை நன்றியோடு நினைவுகூர வேண்டும். நூற்றுக்குச் சிலரே உள்ள கூட்டத்தைப் பொருட்படுத்திய நிறுவனங்கள் அந்நாளில் மிகச் சிலவே.

எனினும் அது திறந்த வீடன்று. ஸ்கைப்பின் நெறிமுறை மறைபொருள். மூல நிரல் பூட்டப்பட்டது. லினக்ஸ் பயனாளி தன் இயங்குதளத்தின் எந்தக் கோளாற்றையும் தானே திருத்திக்கொள்ளப் பழகியவன். ஆனால் தாயோடு பேசுவதற்குரிய ஒரு மென்பொருளில் மட்டும் குடக்கூலிக்காரனைப் போல, வீட்டுக்காரர் எப்போது கூரையைச் செப்பனிடுவார் என்று காத்திருக்க வேண்டியதாயிற்று. வாடகை வாங்காத வீட்டுக்காரரிடம் கண்டிப்பாகக் கேட்கவும் முடியாது! விண்டோஸில் 2006 தொடக்கத்திலேயே முகம் பார்த்துப் பேச முடிந்தது. லினக்ஸில் அவ்வசதி முழுமையாக வந்தது 2008இல். கணினிகளெல்லாம் 64 பிட்டுக்கு மாறிய பின்னரும் லினக்ஸ் ஸ்கைப் நெடுங்காலம் 32 பிட்டாகவே இருந்தமையால், அதற்கென்று பழைய நூலகக் கோப்புகளைத் தனியே நிறுவ வேண்டியிருந்தது.

எல்லாவற்றிலும் பெருந்தொல்லை ஒலியால் வந்தது. இதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும்.

2010ஆம் ஆண்டளவில் தில்லியில் படிக்கும் ஒரு மாணவனையும் திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூரில் இருக்கும் அவன் தாயாரையும் கற்பனை செய்துகொள்ளுங்கள். அண்டை வீட்டுக் கணினியின் முன் அத்தாயார் அமர்ந்திருக்கிறார். மகனுடைய முகம் திரையில் தெரிகிறது. "எய்யா, வாய்தான் அசையுது, சத்தமே வரலியே!" என்கிறார். மகனுக்கு அது தெளிவாகக் கேட்கிறது. அவன் உரத்துப் பேசுகிறான். மேலும் உரத்துப் பேசுகிறான். விடுதியின் அடுத்த அறையில் உள்ளவர்களுக்கெல்லாம் கேட்கிறது. தாயாருக்கு மட்டும் கேட்கவில்லை. ஓர் ஏட்டைக் கிழித்து, "நலமாக இருக்கிறேன்" என்று பெரிய எழுத்தில் எழுதிக் காட்டுகிறான். தாயாருக்குப் படிக்கத் தெரியாது.

இத்தகைய காட்சிகள் லினக்ஸ் வட்டாரத்தில் அந்நாளில் அரியனவல்ல. காரணங்கள் பல. லினக்ஸின் தொடக்க கால ஒலியமைப்பில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு நிரல்தான் ஒலிக்கருவியைத் தொட முடியும். பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் பேச்சுக்கு இடமில்லை. 2003 டிசம்பரில் வந்த கருவின் 2.6ஆம் பதிப்போடு ஆல்சா என்னும் புதிய அமைப்பு நிலைபெற்றது. அதன்மேல் பல்ஸ் ஆடியோ என்னும் இன்னோர் அடுக்கு 2007, 2008ஆம் ஆண்டுகளில் ஃபெடோரா, உபுண்டு முதலிய வெளியீடுகளில் புகுந்தது. நோக்கம் நல்லதுதான், பல நிரல்களின் ஒலியை ஒன்றாகக் கலந்து கொடுப்பதற்கே அது பிறந்தது. ஆனால் லினக்ஸ் ஸ்கைப் அந்த அடுக்கை முறையாக அறிந்துகொண்டது 2009இல் வந்த 2.1 சோதனைப் பதிப்பில்தான். இடைப்பட்ட காலத்தில் ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாத இரண்டு எழுத்தர்கள் ஒரே அலுவலகத்தில் அமர்ந்திருந்தது போன்ற நிலை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சில மடிக்கணினிகளின் உள்ளமைந்த ஒலிவாங்கி, இடம் வலம் என்று இரண்டு தடங்களாகக் குரலைக் கொடுக்கும்; அவற்றுள் ஒன்று மற்றொன்றின் தலைகீழ் வடிவமாக இருக்கும். ஒன்றில் அலை மேலெழும்போது மற்றதில் கீழிறங்கும். தனித்தனியே கேட்டால் இரண்டும் நன்றாகவே இருக்கும். ஆனால் தொலைபேசி நிரல் இரண்டையும் கூட்டி ஒரே தடமாக ஆக்கும்போது, கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று தின்றுவிட, மிஞ்சுவது மௌனம். குரலைப் பதிவு செய்து பார்த்தால் பதிவாகும்; ஸ்கைப்பில் பேசினால் மட்டும் கேட்காது. இதற்கு மருந்து என்ன தெரியுமா? ஒலிக் கட்டுப்பாட்டில் இரண்டு தடங்களையும் பிரித்து, வலத்தடத்தை அடியோடு தாழ்த்திவிடுவது. பாதிக் குரலை அடைத்தால் முழுக் குரலும் கேட்கும்! இதைக் கண்டறிந்தவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லி வந்தனர். பின்னர் லினக்ஸின் இயக்கி நிரல்களிலேயே அத்தகைய கணினிகளுக்கான திருத்தம் ஒவ்வொன்றாகச் சேர்க்கப்பட்டது. மூல நிரல் திறந்திருந்த பக்கத்தில் அதைச் செய்ய முடிந்தது என்பதைக் கவனியுங்கள்.

ஒலிவாங்கியின் அளவைத் தானே கூட்டிக் குறைக்கும் ஒரு வசதியும் ஸ்கைப்பில் இருந்தது. அது சிலருடைய குரலைச் சிறிது சிறிதாகத் தாழ்த்திக்கொண்டே போய் முணுமுணுப்பாக்கிவிடும். அந்தச் சிறு கட்டத்திலுள்ள குறியை நீக்கினாலே பலருக்குக் குணமாயிற்று.

கேமராவின் கதையும் கிட்டத்தட்ட இதுவே. ஆனால் அதிலே ஒரு நல்ல மனிதர் வருகிறார். கேமரா செய்த நிறுவனங்கள் லினக்ஸுக்கு இயக்கி நிரல் தருவது அரிதாக இருந்தது. பிரான்சு நாட்டு மருத்துவர் மிஷேல் க்ஸார் ஓய்வு நேரங்களில் அமர்ந்து 200க்கும் மேற்பட்ட வகைக் கேமராக்கள் இயங்குமாறு நிரல் எழுதினார். அவருடைய உழைப்பு 2008இல் லினக்ஸின் கருவிலேயே சேர்க்கப்பட்டது. எங்கோ ஒரு மருத்துவர் நோயாளிகளைப் பார்த்து முடித்துவிட்டு எழுதிய வரிகளால், நம் ஊர்ப் பாட்டி பேரனின் முகத்தைப் பார்த்திருக்கிறாள். ஆனால் அதிலும் ஒரு முடிச்சு விழுந்தது. லினக்ஸின் படம்பிடிக்கும் அமைப்பு புதிய முறைக்கு மாறியபோது ஸ்கைப் பழைய முறையையே எதிர்பார்த்தது. ஆகவே ஸ்கைப்பைத் தொடங்குவதற்கு முன், பழைய முறையைப் போல் பாவனை செய்யும் ஒரு நூலகத்தை முதலில் ஏற்றுமாறு ஒரு நீண்ட கட்டளையைத் தட்டெழுத வேண்டியிருந்தது. அந்த வரியைத் தாளில் எழுதிக் கணினியின் மேல் ஒட்டி வைத்திருந்த வீடுகளும் உண்டு.

இனி வீட்டுக்காரர் மாறிய கதை. 2005இல் ஸ்கைப்பை ஈபே வாங்கிற்று. 2007 ஆகஸ்டில் ஏறத்தாழ இரண்டு நாள் ஸ்கைப் முடங்கியது. விண்டோஸின் வழக்கமான திருத்தம் ஒன்றை ஏற்றுக்கொண்டு உலகெங்கும் ஏராளமான கணினிகள் ஒரே சமயத்தில் அணைந்து எழுந்தமையால், இடைநிலையங்களாக நின்ற கணினிகள் கலைந்துவிட்டன என்று நிறுவனம் விளக்கிற்று. அணையாமல் ஓடிக்கொண்டிருந்த லினக்ஸ் கணினியின் சொந்தக்காரரும் அவ்விரு நாள் வாய்மூடியிருக்க வேண்டியதாயிற்று. 2011இல் 850 கோடி டாலருக்கு ஸ்கைப்பை வாங்கியது மைக்ரோசாஃப்ட். அதாவது லினக்ஸின் போட்டி இயங்குதளத்தின் உரிமையாளர். பயனாளிகளின் கணினிகளை இடைநிலையங்களாகக் கொள்ளும் பழைய ஏற்பாட்டை அந்நிறுவனம் மாற்றி, 2012இல் தானே சுமார் 10,000 கணினிகளை அவ்விடத்தில் நிறுத்திற்று. அவை எந்த இயங்குதளத்தில் ஓடின என்று ஆராய்ந்தவர்கள் கண்ட விடை, லினக்ஸ்!

லினக்ஸ் பதிப்பைப் புதிய உரிமையாளர் உடனே கைவிட்டுவிடவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். 2012இல் 4.0 பதிப்பு வந்தது. 2014 ஜூனில் வந்த 4.3 பதிப்போ ஆல்சாவோடு நேரே பேசுவதை நிறுத்திக்கொண்டது. பல்ஸ் ஆடியோ கட்டாயமாயிற்று. அதனை விரும்பாதவர்களுக்காகப் பல்ஸ் ஆடியோ இருப்பது போலவே நடிக்கும் ஒரு சிறு நிரலை ஒருவர் எழுதினார். பூட்டிய கதவுக்கு இவ்வாறு வெளியிலிருந்தே படிக்கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். 2016 ஜூலையில் முற்றிலும் புதிதாக எழுதப்பட்ட லினக்ஸ் பதிப்பொன்று சோதனைக்கு வந்தது. 2017 ஜூலையில் பழைய 4.3க்கு வாசல் அடைக்கப்பட்டது. இறுதியாக 2025 மே 5ஆம் நாள் ஸ்கைப் சேவையே மூடப்பட்டது. இம்முறை விண்டோஸ், ஆப்பிள், லினக்ஸ் என்ற வேறுபாடு இல்லாமல் எல்லோருக்கும். சிறுபான்மையினர் இருபது ஆண்டுகளாக உணர்ந்திருந்த ஒன்றைப் பெரும்பான்மையினர் அன்றுதான் உணர்ந்தனர்.

அப்படியானால் திறந்த நெறிமுறையை நம்பியவர்கள் வாழ்ந்தார்களா? உண்மையைச் சொன்னால், அவர்களுக்கும் குறை இருந்தது. எக்கிகா என்பது சொந்த வீடுதான். ஆனால் அங்கே விருந்தினர் வருவதில்லை. ஊரிலுள்ள உறவினர் எல்லோரும் ஸ்கைப்பில் இருக்க, கொள்கைக்காக எக்கிகாவை நிறுவியவர் யாரோடு பேசுவார்? அதன் இறுதி வெளியீடுகள் 2013இல் வந்தன. பிறகு அது ஓய்ந்தது. தன்னார்வலரின் உழைப்புக்கும் ஓர் எல்லை உண்டு. லின்ஃபோன் மட்டும் ஒரு நிறுவனத்தின் ஆதரவோடு இன்றளவும் வளர்ந்து வருகிறது. 2003இல் ஸ்ட்ராஸ்பூர்க் பல்கலைக்கழகத்தில் எமில் இவோவ் என்னும் மாணவர் தொடங்கிய மென்பொருள் ஜிட்சி என்ற பெயரில் நிலைத்திருக்கிறது.

நிலைமையை மாற்றியவை இரண்டு நிகழ்ச்சிகள் என்பது என் கருத்து. ஒன்று 2012 செப்டம்பரில் ஓபஸ் என்னும் ஒலிச்சுருக்க முறை பொதுத் தரமாக வெளியானது. ஸ்கைப் நிறுவனம் உருவாக்கிய சில்க் என்னும் முறையும், சைஃப் என்னும் தன்னார்வ அமைப்பின் செல்ட் என்னும் முறையும் இணைந்து பிறந்த பிள்ளை அது. விநாடிக்கு 6,000 பிட்டு அளவிலும் புரியும்படி பேசும். இடம் கொடுத்தால் இசைக்கும் ஈடு கொடுக்கும். பூட்டிய வீட்டிலிருந்து ஒரு நல்ல பாத்திரம் ஊர்ப்பொதுவுக்கு வந்ததே என்று மகிழ வேண்டும். இரண்டாவது, 2011இல் கூகுள் திறந்துவிட்ட வெப்ஆர்டிசி. இணைய உலாவியே ஒலிவாங்கியையும் கேமராவையும் இயக்கி, காவலரைக் கடந்து, மறுமுனையோடு நேரே பேச அது வழி செய்கிறது. 2021 ஜனவரியில் அது முறையான பொதுத் தரமாயிற்று. நல்ல உலாவி எந்த இயங்குதளத்தில் ஓடுகிறதோ அங்கெல்லாம் தொலைபேசியும் ஓடும். 2022 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் தன் டீம்ஸ் மென்பொருளின் தனி லினக்ஸ் பதிப்பை நிறுத்தியபோது, பயனாளிகள் உலாவியின் வழியே அதனைத் தொடர்ந்து பயன்படுத்த முடிந்ததற்குக் காரணமும் இதுவே.

நம் நாட்டுச் சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். இணையத் தொலைபேசி இங்கே 2002 ஏப்ரல் 1 முதல்தான் அனுமதிக்கப்பட்டது. அப்போதும் கணினியிலிருந்து கணினிக்கும், கணினியிலிருந்து வெளிநாட்டுத் தொலைபேசிக்கும் மட்டுமே அனுமதி. தில்லியிலிருந்து நியூயார்க்கிலுள்ள அண்ணனின் தொலைபேசியைக் கணினி மூலம் அழைக்கலாம். திருச்சியிலுள்ள அப்பாவின் தொலைபேசியை அழைக்க உள்நாட்டுச் சேவை நிறுவனங்களுக்கு உரிமை இல்லை. 2014 நவம்பரில் ஸ்கைப்பும் இந்தியாவுக்குள் இந்திய எண்களை அழைக்கும் வசதியை நிறுத்திக்கொண்டது. உரிமம் பெற்ற நிறுவனங்கள் இணையத்திலிருந்து சாதாரண எண்களுக்கு இணைப்புத் தரலாம் என்னும் தெளிவு 2018இல்தான் கிடைத்தது.

லினக்ஸ் கணினி வைத்திருக்கும் நேயர்கள் இன்றிரவு ஊரோடு பேச விரும்பினால் செய்ய வேண்டியது அதிகமில்லை. ஜிட்சி போன்ற உலாவி வழிச் சேவையில், கூட்டத்தைத் தொடங்குபவர் ஒருவர் கணக்கு வைத்திருந்தால் போதும். அவர் அனுப்பும் இணைப்பை மறுமுனையில் உள்ளவர் கைப்பேசியில் தொட்டாலே உள்ளே வந்துவிடலாம். பெற்றோருக்கு எழுத்துப் பழக்கம் இல்லையாயின், ஒரே இணைப்பை எப்போதும் மாற்றாமல் வைத்துக்கொண்டு, அவர்கள் கைப்பேசியின் முகப்பிலேயே அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பதித்துவிட்டு வாருங்கள். நிலையான எண்ணைப் போன்ற முகவரி வேண்டுவோர் லின்ஃபோனில் இரு பக்கத்துக்கும் ஒவ்வொரு கணக்குத் தொடங்கலாம். சிக்னல் மென்பொருளுக்கும் லினக்ஸ் பதிப்பு உண்டு. முதலில் கைப்பேசியில் பதிந்துகொண்ட பின்னரே அதைக் கணினியில் இணைக்க முடியும்.

குரல் போகவில்லையென்றால் கத்த வேண்டாம். முதலில் விசைப்பலகையில் ஒலிவாங்கியை அடைக்கும் விசை அழுந்தியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒலி அமைப்பில் உள்ளீட்டுப் பகுதிக்குப் போய், பேசும்போது அங்குள்ள கோடு அசைகிறதா என்று நோக்குங்கள். அசையவில்லையானால் வேறு ஒலிவாங்கி தெரிவாகியிருக்கும். அசைந்தும் மறுமுனைக்குக் கேட்கவில்லையானால், உலாவிக்கு ஒலிவாங்கியைப் பயன்படுத்த நீங்கள் அனுமதி தந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அண்மைக் கால வெளியீடுகளில் பைப்வயர் என்னும் ஒலியமைப்பு, பழைய பல்ஸ் ஆடியோவின் இடத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறது. மேற்சொன்ன சண்டைகள் பெரும்பாலும் ஓய்ந்துவிட்டன. மறுமுனையில் தம் குரலே திரும்பக் கேட்கிறது என்று சொன்னால், கோளாறு உங்கள் பக்கத்தில். உங்கள் ஒலிபெருக்கியின் ஓசையை உங்கள் ஒலிவாங்கியே எடுத்துத் திருப்பி அனுப்புகிறது. காதில் மாட்டும் கருவியை அணிந்துகொண்டால் அது நின்றுவிடும்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். ஆம்புலன்சுக்கோ காவல் நிலையத்துக்கோ 112ஐ அழைக்க வேண்டிய நேரத்தில் இவ்வகைக் கணினி நிரல்களை நம்ப வேண்டாம். அவ்வெண்ணை இவற்றின் வழியே அழைக்க முடியும் என்பதற்கு உறுதியில்லை. அழைத்தாலும் நீங்கள் இருக்கும் இடம் அங்கே தெரியாமற் போகலாம். அதற்குக் கைப்பேசியையே எடுங்கள்.